பழைய மாடல் டி கொதித்தால் பம்ப்பைத் தேடாதீர்கள்

ராமநாதபுரத்தில் என் பட்டறைக்கு போர்டு மாடல் டி காரோடு வருபவர்கள் பெரும்பாலும் கேட்பது இதுதான்: "அண்ணே, வண்டி கொதிக்கிறது, ஒரு வாட்டர் பம்ப் வைத்துவிடுங்கள்." நான் உடனே வைப்பதில்லை. 1908இல் தொடங்கி வந்த முதல் 2,500 வண்டிகள் வாக்கில்தான் பம்ப் இருந்தது. பிறகு 1927 வரை பம்ப் இல்லாமலேயே ஓடின. சூடான நீர் லேசாகி மேலேறும், ரேடியேட்டரில் குளிர்ந்து கனத்து இறங்கும். வழி திறந்திருந்தால் அதுவே போதும்.

இன்ஜின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். மேல் குழாயின் வாய்க்கு மேலே தண்ணீர் நிற்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் சுழற்சி அறுந்துவிடும்.

அடுத்தது நம் கடற்கரையின் சாபம்: உவர் நீர். கிணற்று நீரை ஊற்றினால் குழாய்களுக்குள் சுண்ணாம்புப் படிவு கட்டிக்கொள்ளும். பிடித்து வைத்த மழைநீரோ, பேட்டரிக்கு ஊற்றும் நீரோதான் ஊற்ற வேண்டும். படிவு இருக்கிறதா என்றறிய, வண்டியைச் சற்று ஓட்டி நிறுத்தி, ரேடியேட்டரின் முகத்தைக் கையால் தடவிப் பாருங்கள். குளிர்ந்திருக்கும் இடம் அடைபட்ட இடம். ரேடியேட்டரைக் கழற்றி, 10 லிட்டர் வெந்நீருக்கு 250 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து நிரப்புங்கள். நுரை அடங்கியதும் கொட்டிவிடுங்கள். இரவு முழுவதும் விட்டால் ஈயப்பற்று கெடும். சமையல் சோடா கரைத்த நீரால் அலசி, கீழிருந்து மேலாகத் தண்ணீர் பாய்ச்சுங்கள். வெளித் தகடுகளில் படியும் உப்பையும் நல்ல நீரால் கழுவுங்கள். பெயிண்டைத் தடிமனாகப் பூச வேண்டாம், வெப்பம் வெளியேறாது.

ரப்பர் குழாய்களின் உட்புறத்தையும் பாருங்கள். உரிந்து தொங்கும் படலம் வழியை அடைக்கும். விசிறி பெல்ட் வழுக்கக் கூடாது. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் கிழக்கே மண்டபம் நோக்கிப் போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும். ரேடியேட்டருக்குள் காற்று புகாது, விசிறிதான் காப்பாற்ற வேண்டும். ஸ்டியரிங்கின் இடப்பக்கம் தீப்பொறி நேரத்தை மாற்றும் நெம்புகோலை மேலேயே விட்டு ஓட்டாதீர்கள். தீப்பொறி தாமதமானால் இன்ஜின் வீணாகச் சூடேறும்.

இவ்வளவும் செய்து இன்னும் கொதித்தால், தகடுகள் குழாய்களிலிருந்து பற்று விட்டிருக்கும். அப்படியானால் ரேடியேட்டரின் உள்கூட்டையே மாற்ற வேண்டியதுதான். அடைபட்ட ரேடியேட்டரில் பம்ப் வைத்தால் அது தண்ணீரை வழிவுக் குழாய் வழியே வெளியே தள்ளும், அவ்வளவுதான்.