தமிழ்99 தட்டச்சு: தினம் கால் மணி நேரத்தில் பழகும் முறை

அலுவலகத்தில் தமிழில் எழுதும் பலர் இன்னும் ஆங்கில எழுத்துகளை அடித்துத்தான் தமிழை வரவழைக்கிறார்கள். வேலை நடந்துவிடும். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் மனத்துக்குள் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்ட வேண்டும். ந, ன, ண வரும் இடமெல்லாம் கை தயங்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் இந்தச் சுற்றுவழி கிடையாது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில்.

இதற்கு மாற நினைப்பவர்கள் பாதியில் விட்டுவிடுவது பெரும்பாலும் ஒரே நாளில் முழுசாக மாறப் பார்ப்பதால்தான். அவசரக் கடிதம் ஒன்று வந்ததும் பழைய முறைக்கே திரும்பிவிடுவார்கள். சிறுகச் சிறுக மாறுங்கள்.

படி 1: விசைப்பலகையைச் சேர்த்தல்

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் போய், மொழிகள் பகுதியில் தமிழைச் சேர்த்து, அதன் ஆப்ஷன்ஸில் 'தமிழ் 99' கீபோர்டைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரை அழுத்தினால் மொழி மாறும். விசைகளின் மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். ஒட்டினால் கண் கீழேயே இருக்கும். எழுத்து வரைபடத்தை அச்செடுத்துத் திரைக்குக் கீழே ஒட்டிக்கொள்ளுங்கள்.

படி 2: இப்போதைய வேகம்

ஒரு செய்திப் பத்தியை எடுத்து, பழைய முறையிலேயே 5 நிமிடம் அடியுங்கள். பிழையில்லாத சொற்களை எண்ணி 5-ஆல் வகுத்து நோட்டில் குறியுங்கள். இனி வாரம் ஒருமுறை தமிழ்99-இல் இதே சோதனை. வேகத்தோடு, அதிகம் தவறிய 3 எழுத்துகளையும் எழுதுங்கள். வேகத்தைவிட அந்த மூன்று எழுத்துகள்தான் முக்கியம்.

படி 3: தினம் 15 நிமிடம்

ஞாயிறன்று இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட இதுவே பலன் தரும். பிரிட்டனில் தட்டச்சு பயின்ற அஞ்சல் ஊழியர்களை வைத்துச் செய்த ஆய்வு 1978-இல் வெளியானது. தினம் ஒரு மணி நேரம் பயின்றவர்கள், தினம் நான்கு மணி நேரம் பயின்றவர்களைவிடக் குறைந்த மொத்த நேரத்தில் கற்றுக்கொண்டார்கள். ஆனாலும் தங்கள் பயிற்சி முறையில் திருப்தி குறைவாக இருந்ததும் அந்த ஒரு மணி நேரக்காரர்களுக்குத்தான். நாள்கணக்கில் பார்த்தால் மெதுவாகத் தெரியும். உங்களுக்கும் அப்படித் தோன்றும். அதை நம்பி முறையை மாற்றாதீர்கள்.

ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாக்க வேண்டாம். 5 நிமிடமாவது அடித்தால் போதும்.

படி 4: நடு வரிசை மட்டும்

இடக்கையில் அ, இ, உ, புள்ளி, எ. வலக்கையில் க, ப, ம, த, ந, ய. இவற்றை மட்டும் வைத்தே நிறையச் சொற்கள் அமையும்: பகுதி, நிதி, பயம், பக்கம், இந்த, அந்த, பந்து, கம்பம்.

இங்கேயே புள்ளியின் வழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். 'பக்கம்' என்பதற்கு ப, க, க, ம, புள்ளி. ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற ஆகிய இணைகளுக்கும் இப்படியே. 'இந்த' என்பதற்கு மூன்றே தட்டுகள்.

புதியவர்கள் சிக்குவது 'தத்துவம்', 'பப்பாளி' போன்ற சொற்களில். த, த, த என்று அடித்தால் புள்ளி முதல் எழுத்திலேயே விழுந்துவிடும். முதல் 'த'-வுக்குப் பின் 'அ' விசையைத் தட்டி அதைத் தனியாக்குங்கள்: த, அ, த, த, உ, வ, ம, புள்ளி.

வரைபடத்தைப் பார்க்காமல் 20 சொற்களில் ஒரு பிழைக்கு மேல் வராதபோது அடுத்த படிக்குப் போங்கள்.

படி 5: மேல் வரிசை, பிறகு கீழ் வரிசை

மேலே ஆ, ஈ, ஊ, ஐ, ஏ; ள, ற, ன, ட, ண, ச, ஞ. கீழே ஔ, ஓ, ஒ; வ, ங, ல, ர, ழ. வலக்கைச் சுண்டுவிரல் தாமதிக்கும், ஏனென்றால் ந, ய, ண, ச, ஞ, ழ எல்லாம் அதன் பொறுப்பு. 'ச' அடிக்கடி வருவதால் அதற்கென்று 3 நிமிடம் ஒதுக்குங்கள்: சரி, சொல், செய்தி, அரசு, பேசு. கை முழுவதையும் தூக்காமல் விரலை மட்டும் நீட்டுங்கள். ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் ஷிஃப்டோடு வரும், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

படி 6: வாரம் ஒரு எழுத்து

நோட்டில் அதிகம் தவறிய மூன்றில் முதலாவதை மட்டும் எடுங்கள். அது வரும் 10 சொற்களைத் தினப் பயிற்சியின் தொடக்கத்தில் மெதுவாக, பிழையின்றி அடியுங்கள். மூன்றையும் ஒன்றாகத் திருத்தப்போனால் எது திருந்தியது என்றே தெரியாது. வேகத்துக்காக அவசரப்பட்டால் தப்பான விரலசைவே பழகிப்போகும். அதை மாற்றுவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

படி 7: வேலைக்குக் கொண்டுபோதல்

மூன்று வரிசையும் முடிந்ததும் முதலில் வாட்ஸ்அப் பதில்கள். பழைய வேகத்தில் பாதி வந்ததும் சிறிய மின்னஞ்சல்கள். பழைய வேகத்தை எட்டிய பிறகே கெடு உள்ள அறிக்கைகள். அன்று ஆங்கில எழுத்து வழியாக அடிக்கும் விசைப்பலகையை செட்டிங்ஸிலிருந்து நீக்கிவிடுங்கள். இருந்தால் கை அங்கேதான் போகும்.