எழுத்து முடிந்த அன்றே நீங்கள் கல்யாணமானவர்: கனடாவுக்கு ஸ்பொன்சரில் வருபவர்களுக்கு

கனடியப் பிரஜையைக் கல்யாணம் முடித்து இங்கே வர இருக்கிற பிள்ளைகளுக்கும், ஊருக்குப் போய்ப் பெண் எடுக்க இருக்கிற பெடியன்களுக்கும் இதை எழுதுகிறேன். எந்தப் படிவத்தை எப்படி நிரப்புவது என்பதெல்லாம் இமிகிரேசன் இணையத்தளத்திலேயே இருக்கிறது. ஆனால் யாழ்ப்பாணத்தில் எழுத்து, அதாவது பதிவாளர் முன் கையெழுத்து வைக்கிற கல்யாணப் பதிவு, ஒரு நாள், தாலி கட்டுவது இன்னொரு நாள், இடையில் ஆறு மாதம்கூடப் போகலாம் என்பது அந்தப் படிவத்துக்குத் தெரியாது. அந்த ஆறு மாதத்தால் எனக்கும் என் கணவருக்கும் மூன்று வருடம் போனது.

வழமையான விசயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பொன்சர் செய்பவர் (உங்களுக்குப் பொறுப்பேற்றுக் கூப்பிடுபவர்) 18 வயது தாண்டிய பிரஜையாகவோ நிரந்தர வதிவிடம் பெற்றவராகவோ இருக்க வேண்டும். பிரஜை என்றால் வெளிநாட்டில் இருந்துகொண்டும் விண்ணப்பிக்கலாம், நீங்கள் வந்து சேரும்போது தானும் கனடாவில் வந்து இருப்பேன் என்று காட்டினால் சரி. பெற்றோரை எடுப்பதற்குக் கேட்பதுபோல மனைவிக்கோ கணவனுக்கோ இவ்வளவு சம்பளம் வேண்டும் என்று பொதுவாகக் கேட்பதில்லை, ஆனால் வலது குறைந்தவர்களுக்கான உதவியைத் தவிர வேறு அரச உதவிப் பணம் எடுத்துக்கொண்டிருந்தால் ஸ்பொன்சர் செய்ய முடியாது. கியூபெக்கில் இருப்பவர்களுக்கு நடைமுறை கொஞ்சம் வேறு. ஸ்பொன்சர் செய்பவரே ஒரு காலத்தில் மனைவியாகவோ கணவனாகவோ ஸ்பொன்சரில் வந்தவர் என்றால் வதிவிடம் கிடைத்து 5 வருடம் முடியும்வரை இன்னொருவரைக் கூப்பிட முடியாது, பிரஜை ஆகியிருந்தாலும் இதுதான். 2024 ஏப்ரல் 30 இல் எல்லாக் கட்டணமும் சேர்த்து 1,205 டொலர் ஆக்கினார்கள், கைரேகைக்கு 85 வேறு. மெடிக்கல், பொலிஸ் சான்றிதழ் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மாப்பிள்ளை இங்கே இருந்து வீடியோவில் பார்க்க, ஊரில் இன்னொருவரை வைத்து எழுத்து முடிக்கிற வேலை வேண்டாம். 2015 ஜூன் முதல் அப்படிப்பட்ட கல்யாணத்தை இமிகிரேசன் ஏற்பதில்லை. இரண்டு பேரும் ஒரே இடத்தில் நேரில் நின்றிருக்க வேண்டும்.

இனி எங்கள் கதை. 2017 ஆனியில் அவர் கனடாவில் இருந்து மூன்று கிழமை லீவில் வந்தார். லீவு காணாது, நல்ல நாளும் அமையவில்லை, அதனால் பதிவாளரை வீட்டுக்குக் கூப்பிட்டு எழுத்தை மட்டும் முடித்து, கல்யாணத்தைத் தைக்கு வைத்தார்கள். அன்றைக்குப் பின்னேரமே அவர் தன் அத்தை வீட்டுக்குப் போய்விட்டார். எங்கள் பக்கம் எழுத்து முடிந்த பெண் தாலி ஏறும்வரை தகப்பன் வீட்டுப் பிள்ளைதான், அயலில் யாரும் என்னைக் கல்யாணமானவள் என்று சொல்லவில்லை, நானும் அப்படி நினைக்கவில்லை.

அந்த ஆவணியில் ஸ்காபரோவில் இருந்த பெரியம்மாவின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. பெரியம்மா அழைப்புக் கடிதம் அனுப்ப, விசிட்டர் விசாவுக்குப் போடலாம் என்று ஒரு ஏஜென்சியிடம் போனோம். அங்கே இருந்தவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "தங்கச்சி, தாலி கட்டியாச்சோ?" நான் இல்லை என்றேன். அவர் "திருமணமாகாதவர்" என்று போட்டார். நான் கையெழுத்து வைத்தேன். விசாவும் கிடைக்கவில்லை, எல்லோரும் அதை மறந்துவிட்டோம்.

தையில் தாலி கட்டி, பங்குனியில் ஸ்பொன்சருக்குப் போட்டோம். அவர் தன் படிவத்தில் கல்யாணத் திகதி என்று தை மாதத்தைப் போட்டார், ஏனென்றால் அவருக்கு அதுதான் கல்யாணம். விவாகச் சான்றிதழில் ஆனி மாதம். விசிட்டர் விண்ணப்பத்தில் ஆவணியில் நான் கல்யாணமாகாதவள். பார்க்கிறவனுக்கு இது மூன்று பேப்பர், மூன்று கதை.

அந்த வருடக் கடைசியில் இமெயிலில் ஒரு கடிதம் வந்தது. நீங்கள் பிழையான தகவல் தந்திருப்பதாகத் தெரிகிறது, 30 நாளுக்குள் விளக்கம் தாருங்கள் என்று. இதை ஏதோ சும்மா ஒரு கேள்வி என்று எடுத்ததுதான் நாங்கள் செய்த இரண்டாவது பிழை. "எழுத்து என்பது எங்கள் கலாசாரத்தில் நிச்சயம் மாதிரி" என்று நான்கு வரி எழுதி அனுப்பினோம். அது இன்னும் கேடாகப் போனது, ஏனென்றால் சட்டப்படி அது நிச்சயமே இல்லை, பதிவான கல்யாணம். மாசியில் மறுத்துவிட்டார்கள். கூடவே நான் கனடாவுக்கு வர 5 வருடத் தடை. முன்பு 2 வருடமாக இருந்ததை 2014 நவம்பரில் 5 ஆக்கியிருந்தார்கள்.

ஒரு பெட்டியில் போட்ட ஒரு அடையாளத்துக்கு இவ்வளவா என்று நானும் அழுதேன். பிறகு வக்கீல் விளங்கப்படுத்தினார். விசிட்டர் விசா கேட்கிற பெண் திரும்பிப் போவாளா என்பதுதான் அவர்கள் பார்க்கிற முதல் விசயம், அவளுடைய கணவன் ரொறன்ரோவில் இருக்கிறான் என்பது தெரியாவிட்டால் அந்தக் கேள்வியையே அவர்களால் ஒழுங்காகக் கேட்க முடியாது, அதனால் அது சின்னப் பிழை ஆகாது. ஏஜென்சிதான் எழுதியது என்று சொல்லியும் பயனில்லை. கையெழுத்து யாருடையதோ பொறுப்பும் அவருடையது.

எங்களைக் காப்பாற்றியது ஒன்றுதான். கனடாவுக்கு வெளியில் இருந்து, குடும்பப் பிரிவில் விண்ணப்பித்திருந்தோம். அதில் மறுத்தால் ஸ்பொன்சர் செய்தவர் 30 நாளுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம், பிழையான தகவல் என்று மறுத்தாலும் கணவன் மனைவிக்கு அந்த உரிமை உண்டு. கனடாவுக்குள் இருந்துகொண்டு உள்நாட்டுப் பிரிவில் போடுபவர்களுக்கு அந்த மேன்முறையீடு கிடையாது. உள்ளே இருப்பவர்களும் வெளியில் இருப்பவர்கள் போடுகிற அந்தக் குடும்பப் பிரிவில் போடலாம், ஆகவே பழைய விண்ணப்பத்தில் ஏதாவது இடறல் இருக்கிறவர்கள் எதில் போடுவது என்று நன்றாக யோசியுங்கள். அப்புறம், மறுத்தவுடன் 5 டொலர் கட்டி, விண்ணப்பத்தைப் பார்த்த அதிகாரிகள் எழுதி வைத்த உள்குறிப்புகளைக் கேட்டு எடுங்கள். அதை வாசித்த பிறகுதான் எங்கே இடித்தது என்று எங்களுக்கே விளங்கியது.

வக்கீலுக்கு எட்டாயிரம் டொலருக்கு மேல். என் கணவருக்குப் பகலில் ஒரு வேலை, இரவில் வெயார்ஹவுஸ். இடையில் கொரோனா வந்து எல்லாம் நின்றது. 2021 இல் மேன்முறையீடு வென்று, 2022 மாசியில் ரொறன்ரோ பியர்சனில் வந்து இறங்கினேன். மாமனார் என்னைக் கூட்டிக்கொண்டு போக விமான நிலையத்துக்கு வருவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர். நான் வருவதற்கு ஐந்து மாதம் முதல் போய்விட்டார்.

ஆகவே எழுத்து முடிந்த அன்றிலிருந்து எந்த நாட்டுப் படிவம் என்றாலும், யார் நிரப்பினாலும், "திருமணமானவர்" என்று போடுங்கள். கல்யாணத் திகதி என்று கேட்கிற இடத்தில் விவாகச் சான்றிதழில் உள்ள திகதி. எப்போது சேர்ந்து வாழத் தொடங்கினீர்கள் என்ற கேள்வி வேறு, அதற்குத் தாலி கட்டிய பிறகு உள்ள திகதி வரலாம். ஐஎம்எம் 5532 என்ற படிவத்தில் எப்படிச் சந்தித்தீர்கள், என்ன சடங்கு நடந்தது, யார் யார் வந்தார்கள் என்று கேட்பார்கள். அங்கே எழுத்து என்றால் என்ன, ஏன் இரண்டு நாள், இடையில் ஏன் பிரிந்து இருந்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி, இரண்டு நாளின் படங்களையும் வையுங்கள். தாலிப் படம் மட்டும் வைத்தால் எழுத்து ஏதோ கள்ளமாக நடந்தது மாதிரி இருக்கும். முன்பு விசா மறுத்திருந்தால் அதை மறைக்காதீர்கள். அதில் பிழையாகப் போட்டிருந்தால் அவர்கள் கண்டுபிடிக்க முதல் நீங்களே கடிதத்தில் சொல்லிவிடுங்கள்.

இதைவிடக் கொடுமையானது ஒன்று. என் சிநேகிதியின் தம்பி தாய் தகப்பனோடு பிள்ளையாக விண்ணப்பித்து, விசா வருவதற்கு இரண்டு மாதம் முதல் எழுத்து முடித்துவிட்டு, தனி ஆளாக வந்து இறங்கினான். இறங்கும்போது சொல்லாத மனைவியைப் பிறகு குடும்பப் பிரிவில் கூப்பிடவே முடியாது. 2019 இல் இதற்கு ஒரு தற்காலிகச் சலுகை கொண்டுவந்தார்கள், ஆனால் உண்மையைச் சொல்லியிருந்தால் வந்தவருக்கே தகுதி போயிருக்கும் என்றால் அந்தச் சலுகை பொருந்தாது, அவனுடைய நிலை அதுதான். கல்யாணமானவன் பிள்ளையாக வர முடியாதே. விண்ணப்பம் போய்க்கொண்டிருக்கும்போது எழுத்து வைக்கவே வேண்டாம். வைத்துவிட்டால் விமானம் ஏற முதல் அறிவியுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொன்று. "இரண்டு வருடம் என்னோடு இருக்காவிட்டால் உன் வதிவிடத்தை நிறுத்திவிடுவேன்" என்று யாராவது வெருட்டினால் பயப்பட வேண்டாம். 2012 இல் வந்த அந்த நிபந்தனையை 2017 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். வதிவிடம் கிடைத்த பிறகு ஸ்பொன்சர் செய்தவரால் அதை வெட்ட முடியாது. பிரிந்தாலும் உங்களுக்கான 3 வருடப் பொறுப்பு அவர் தலையில்தான் இருக்கும்.

கடைசியாக, விவாகச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் நாலைந்து எடுத்து வையுங்கள், இங்கே வந்த பிறகு ஊரில் ஆள் வைத்து எடுப்பது பெரிய அலுப்பு. எடுக்கும்போதே உங்கள் பெயரும் தகப்பன் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் அங்கேயே திருத்துங்கள்.