பிரஷர் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா? முதலில் அட்டையைப் பாருங்கள்

சென்னை காசிமேட்டில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். பிரஷர் மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது இரண்டுதான்: கால் வீக்கம் அல்லது வறட்டு இருமல். இரண்டும் வேறு வேறு மருந்தின் வேலை. அதனால் “சின்னதா, வெள்ளையா இருக்கும்” என்று சொல்லாமல் அட்டையைக் கொண்டுவாருங்கள். கம்பெனி வைத்த பெயர் கடைக்குக் கடை மாறும், உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் மாறாது. அட்டையை வெட்டி வாங்கினால் பெயர் உள்ள துண்டைக் கேட்டு வாங்குங்கள்.

கால் வீக்கம் என்றால் முதல் சந்தேகம் அம்லோடிபின் மேல். மீன் விற்கும் அக்காக்கள் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் காட்டி, “இன்னா பாப்பா, கிட்னி போயிடுச்சா?” என்பார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. இந்த மருந்து ரத்தம் கொண்டுவரும் சின்னத் தமனிகளை விரிக்கிறது, திருப்பி எடுத்துப்போகும் சிரைகளை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. தீபாவளி நேரத்து எம்.சி. ரோடு மாதிரி, உள்ளே வருவது சுலபம், வெளியே போவதுதான் கஷ்டம். அழுத்தம் தாங்காமல் நீர் நுண்குழாய்களிலிருந்து சுற்றியுள்ள திசுக்களுக்குள் கசிகிறது. உடம்பில் நீர் கூடிவிட்டதால் வரும் வீக்கம் இல்லை என்பதால் நீர் பிரியும் மாத்திரை இதற்கு அவ்வளவாக உதவாது. 5 மில்லிகிராமில் இல்லாத வீக்கம் 10-ல் வரலாம். டாக்டர் அளவைக் குறைப்பார், அல்லது சிரையையும் சேர்த்து விரிக்கும் டெல்மிசார்டன் போன்ற ஒன்றைச் சேர்ப்பார். ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ மாத்திரையைக் குறை சொல்லிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வறட்டு இருமலுக்கு எனாலாபிரில், ராமிபிரில் என்று ‘பிரில்’ வகையைப் பாருங்கள். ரத்தக்குழாயைச் சுருக்கும் பொருளை உண்டாக்கும் நொதியை இவை தடுக்கின்றன. அதே நொதிதான் உடம்பில் உண்டாகும் பிராடிகைனின் என்ற பொருளையும் உடைக்கிறது. உடையாமல் சேரும் அதுதான் தொண்டையைச் சுரண்டுகிறது. (இந்த வகையில் முதலாவதான கேப்டோபிரில், பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷத்தைப் படித்ததில் பிறந்தது.) இருமல் டானிக்கில் காசைக் கரைக்காதீர்கள். டாக்டர் ‘சார்டன்’ வகைக்கு மாற்றினால் சில வாரங்களில் அடங்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், கூடவே சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு என்றால் சளிப் பரிசோதனைதான் முதலில். நம் பக்கத்தில் டிபியை மறக்கக் கூடாது. ‘பிரில்’, ‘சார்டன்’ இரண்டுமே கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

இன்னொன்று. அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே அம்லோடிபின் வருகிறது, தனியார் டாக்டர் ‘ஏஎம்’ என்று முடியும் கூட்டு மாத்திரை எழுதுகிறார். அந்த ‘ஏஎம்’ பெரும்பாலும் அம்லோடிபின்தான்! இரண்டையும் சேர்த்துப் போட்டு, தலை சுற்றுகிறது என்று வருபவர்கள் உண்டு. எல்லா அட்டைகளையும் ஒரே பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

மூட்டை தூக்கும் அண்ணன்கள் இதைக் கவனிக்கவும். டெல்மிசார்டனும் நீர் மாத்திரையும் போடுகிறவர் முதுகு வலிக்கு டைக்லோஃபெனாக் சேர்த்தால் சிறுநீரகத்துக்கு வரும் ரத்தம் குறையும், பிரஷரும் ஏறும். மே மாத வெயிலில் வியர்த்துக் கொட்டும்போது இன்னும் மோசம். பாராசிட்டமால் கேளுங்கள், அதையும் அளவோடு.

இன்னொரு பிரஷர் மருந்தான அட்டெனோலாலைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. நெஞ்சு படபடக்கும், இதய நோய் இருந்தால் மாரடைப்பு வரைகூடப் போகலாம்.

எனாலாபிரில் போடும்போது உதடோ நாக்கோ வீங்கினால் என் கடைக்கு வரவேண்டாம். அடுத்த மாத்திரையைப் போடாமல், அட்டையோடு ஆட்டோ பிடித்து நேராக ஸ்டான்லி ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.