மட்டக்களப்பிலிருந்து மனைவியையும் அவருடைய பிள்ளையையும் கனடாவுக்குக் கூப்பிடுகிறவர்களுக்கு

கனடாவுக்கு வந்து ஒரு வேலையில் அமர்ந்ததும், ஊரில் இருக்கிற மனைவியை ஒரு கோடைக்காவது கூப்பிட வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றும். மனைவிக்கு முதல் திருமணத்தில் பிள்ளை இருந்தால், வருகை வீசா விண்ணப்பத்தைத் தொடும் முன் இதை வாசியுங்கள். நான் இதில் எட்டு மாதத்தை இழந்தவன்.

வழமையான வேலைகளை நீங்களே செய்யலாம். விண்ணப்பம் இணையத்தில்தான். ஆளுக்கு வீசாக் கட்டணம் 100 கனேடிய டொலர், விரல் அடையாளத்துக்கு 85. பிள்ளை 14 வயதுக்குக் குறைந்தவர் என்றால் விரல் அடையாளம் தேவையில்லை, மனைவி மட்டும் கொழும்புக்குப் போய்வந்தால் போதும். நீங்கள் இங்கிருந்து அழைப்புக் கடிதம், வேலைக் கடிதம், சம்பளச் சீட்டு, வரி மதிப்பீட்டு அறிவித்தல் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். தமிழில் உள்ள சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பித்து முத்திரை வாங்குங்கள். யாரிடமோ கைமாற்றாக வாங்கிய பணத்தைக் கடைசி வாரம் வங்கியில் போட்டுக் காட்டும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

எங்கள் பக்கத்தாருக்கு ஒரு நல்ல பலம் இருக்கிறது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வீடு பெண்ணின் பெயரில்தானே எழுதப்படுகிறது. 'திரும்பிப் போவதற்கு ஊரில் என்ன இருக்கிறது?' என்பதுதான் அதிகாரியின் முதல் கேள்வி. சீதன வீட்டின் உறுதியை மொழிபெயர்த்துக் கட்டாயம் சேருங்கள். என் மாமியாரின் தாய் காலத்திலிருந்து கை மாறி வந்த வளவு அது. அந்தக் காகிதத்தைப் பார்க்கும்போது எனக்கே பெருமையாக இருந்தது.

இனி என் கதை. மனைவி ஆரையம்பதியைச் சேர்ந்தவர். முதல் திருமணம் நீதிமன்றத்தில் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகுதான் நாங்கள் கட்டினோம். மகனுக்கு அப்போது ஆறு வயது. அவன் என்னை அப்பா என்பான், நான் அவனை 'மனே' (மகனே) என்பேன். மாமா படிவங்களை நகரத்தில் ஒரு ஏஜென்சிக்காரரிடம் கொடுத்தார். "விவாகரத்தெல்லாம் எழுதினால் சந்தேகப்படுவார்கள், சொந்த மகன் என்றே போடுவோம்" என்று சொல்லி, அவர் தந்தை என்ற இடத்தில் என் பெயரை எழுதிவிட்டார். மனைவிக்கு அது நிம்மதியாக இருந்தது. பழைய கதையை யாரும் கிளறக் கூடாது என்று எத்தனை வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்! எனக்கும் பிடித்திருந்தது. அவன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரைப் பார்க்க ஆசை.

ஆனால் நம் பெயர் முறையை யோசித்துப் பாருங்கள். பிள்ளையின் பெயருக்கு முன்னால் நிற்பது தகப்பன் பெயர்தான். கடவுச்சீட்டிலும் அதுதான் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் பாட்டன் பெயர்கூட இருக்கிறது. படிவத்தில் ஒருவர், சான்றிதழில் இன்னொருவர் என்றால் அதிகாரி என்ன நினைப்பார்?

மறுப்புக் கடிதத்தில், நாடு திரும்புவார்கள் என்ற நம்பிக்கை இல்லை என்ற வழமையான வரிதான் இருந்தது. அதை மட்டும் நம்பி மறுபடி பணம் கட்டாதீர்கள். கனடாவின் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் 5 டொலர் கட்டி, மனைவியின் சம்மதக் கையெழுத்தோடு நீங்கள் இங்கிருந்தே கேட்டால், அதிகாரி எழுதிய உள் குறிப்புகள் கிடைக்கும். ஜிசிஎம்எஸ் குறிப்பு என்பார்கள். எங்களுடையதில், பிள்ளையின் தந்தை யார் என்பது தெளிவில்லை, தந்தையின் சம்மதமும் இல்லை என்று இருந்தது. வாசித்தபோது கை நடுங்கியது. பொய்த்தகவல் என்று முடிவு கட்டியிருந்தால் 5 வருடத் தடை. நிரந்தரமாகக் கூப்பிட ஸ்பொன்சர் செய்யும் வழியும் அதோடு அடைபட்டிருக்கும். பணம் வாங்கிய ஏஜென்சிக்காரருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கையெழுத்து மனைவியுடையது.

இரண்டாம் தடவை நானே எழுதினேன். மனைவியின் முதல் திருமணத்து மகன் என்று அழைப்புக் கடிதத்தில் எழுதும்போது நெஞ்சு அடைத்தது. ஆனாலும் அதுதான் உண்மை. முதல் விண்ணப்பத்தில் நடந்த பிழையையும் மறைக்காமல் விளக்கினோம். விவாகரத்துத் தீர்ப்பையும், பிள்ளை தாயின் பொறுப்பில் என்ற கட்டளையையும் சேர்த்தோம். மீதி இருந்தது தகப்பனின் சம்மதக் கடிதம்.

இங்கேதான் நம்மவர்கள் பலர் பிழை விடுகிறார்கள். பிள்ளைக்குக் கடவுச்சீட்டு எடுக்கும்போதே தகப்பன் சம்மதம் கொடுத்தார்தானே என்று நினைத்துவிடுகிறார்கள். அது கடவுச்சீட்டுக்குக் கொடுத்த சம்மதம். இந்தப் பயணத்துக்கு வேறாக வேண்டும்: பிள்ளையின் பெயர், கடவுச்சீட்டு இலக்கம், யாரோடு போகிறார், எங்கே தங்குவார், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை என்று எழுதி, நொத்தாரிசின் முன் கையெழுத்து வைத்து, தகப்பனின் அடையாள அட்டைப் பிரதியையும் இணைக்க வேண்டும். தகப்பன் இறந்திருந்தால் மரணச் சான்றிதழ். யுத்தத்தில் காணாமல் போனவர் என்றால், 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு காணாமல் போனமைக்கான சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது. நம் மாவட்டத்தில் அது வேண்டியிருக்கும் வீடுகள் அதிகம்.

எங்கள் பிள்ளையின் தகப்பன் அக்கரைப்பற்றில் இருக்கிறார். மனைவி பேசமாட்டேன் என்றுவிட்டார். மாமாதான் காலை பஸ்ஸில் போனார். சண்டை வரும், காசு கேட்பார் என்றெல்லாம் நான் இங்கே இரவு முழுக்க விழித்திருந்தேன். அந்த மனிதர் தேநீர் கொடுத்து, கடிதத்தை இரண்டு முறை வாசித்து, மாமாவோடு நொத்தாரிசிடம் போய்க் கையெழுத்து வைத்திருக்கிறார். மகனுடைய பள்ளிக்கூடப் படம் ஒன்று மட்டும் கேட்டாராம். அதை அன்றிரவே அனுப்பச் சொன்னேன்.

வீசா வந்தது. அந்தக் கடிதத்தின் மூலப்பிரதியைப் பெட்டிக்குள் போட வேண்டாம், கைப்பையில் வையுங்கள் என்று மனைவியிடம் பல தரம் சொன்னேன். ரொறொன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் அதிகாரி அதைத்தான் முதலில் கேட்டாராம். வாசித்துவிட்டு மகனிடம் பெயர் கேட்டிருக்கிறார். தகப்பன் பெயரையும் சேர்த்து முழுப் பெயரைச் சொல்லிவிட்டு, "அப்பா வெளியில நிக்கிறார்" என்றானாம்.