இரண்டு படுக்கையறை, மூன்று பிள்ளைகள்: சண்டை இல்லாமல் இடம் பிரிப்பது எப்படி?

அப்பா, அம்மா, பாட்டி, மூன்று பிள்ளைகள். வீட்டில் படுக்கையறை இரண்டுதான். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இந்தியக் குடும்பங்களில் சுமார் 37 சதவீதம் ஒரே அறையில்தான் குடியிருந்தன. அதைப் பார்த்தால் இரண்டு அறை என்பது வசதிதான். ஆனாலும் யார் எங்கே படுப்பது என்ற சண்டை வாரம் தவறாமல் வந்துவிடுகிறது. "நீதானே பெரியவ, விட்டுக்கொடு" என்று மூத்த பிள்ளையிடம் சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டுகிறோம்.

இடமே போதாத வீட்டில் சதுர அடியைச் சமமாக வெட்டிக் கொடுக்க முடியாது. ஆனால் அறைக்குள் இருக்கும் வசதிகளைப் பிரிக்கலாம். ஜன்னல், மேசை, பீரோ தட்டு, லைட்டை எப்போது அணைப்பது, கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருக்கும் நேரம் எல்லாமே தனித்தனிப் பங்குகள். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பங்கின் மேல் ஆசை இருக்காது. அதுதான் நமக்குச் சாதகம்.

புரிவதற்காக ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். அக்கா ப்ளஸ் டூ, பெரியவன் ஒன்பதாவது, சின்னவன் ஆறாவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாடு முடிந்து டிவி போடுவதற்கு முன்னால் எல்லோரையும் உட்கார வையுங்கள். பாட்டியையும் சேர்த்துத்தான்.

படி 1: முதலில் சாமான்களை வெளியேற்றுங்கள்

பல வீடுகளில் சின்ன படுக்கையறையில் குடியிருப்பது பிள்ளைகள் இல்லை, கல்யாணச் சீர் பாத்திரங்களும் கொலு பொம்மைப் பெட்டிகளும் என்றைக்கோ வாங்கிய மிக்ஸியின் அட்டைப்பெட்டியும்தான். கட்டிலுக்கு அடியில் என்ன இருக்கிறது, பீரோவுக்கு மேல் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். பரணுக்குப் போக வேண்டியது பரணுக்கு, பழைய பேப்பர்காரருக்குப் போக வேண்டியது அவருக்கு. இதைச் செய்யாமல் பிள்ளைகளிடம் "இடம் இல்லை" என்று சொன்னால் அவர்கள் நம்ப மாட்டார்கள். நம்பவும் கூடாது.

படி 2: அளந்து படம் போடுங்கள்

இஞ்ச் டேப் எடுத்து ஒவ்வொரு அறையையும் ஹாலையும் அளந்து, கட்டம் போட்ட தாளில் வரையுங்கள். ஓர் அடிக்கு ஒரு கட்டம். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, ஜன்னல், ப்ளக் பாயிண்ட், ஃபேன் எங்கே என்று எல்லாவற்றையும் குறியுங்கள். மேற்குச் சுவரையும் குறித்துவையுங்கள். மே மாதத்தில் சாயங்காலம் அந்தச் சுவர் மேல் கை வைத்துப் பார்த்தால் ஏன் என்று தெரியும்.

அடுக்குக் கட்டில் வாங்கலாமா என்று நினைப்பவர்கள் இந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துக்குப் பத்து அறை, நடுவில் ஃபேன். வழக்கமான 1200 மில்லிமீட்டர் ஃபேன் என்றால் இறக்கை மையத்திலிருந்து இரண்டடி நீளும். மையத்திலிருந்து சுவர் ஐந்தடி. ஆக, இறக்கை நுனிக்கும் சுவருக்கும் நடுவே மூன்றடிதான். கட்டிலின் அகலமும் மூன்றடி! மேல் தட்டில் எழுந்து உட்காரும் பிள்ளை தூக்கக் கலக்கத்தில் கையை நீட்டினால் இறக்கை தட்டும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். அடுக்குக் கட்டில்தான் வேண்டும் என்றால் அந்த அறையில் சீலிங் ஃபேனைக் கழற்றிவிட்டு, கட்டிலிலிருந்து எட்டாத சுவரில் வால் ஃபேன் மாட்டுங்கள். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளையை மேல் தட்டில் படுக்க வைக்கக் கூடாது என்பது அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளில் இருக்கிறது. நாமும் அதைப் பின்பற்றுவது நல்லது. என்னைக் கேட்டால், இரண்டு கோரைப் பாயும் இரண்டு மெத்தையும் போதும். காலையில் சுருட்டி வைத்தால் அறை திரும்பக் கிடைத்துவிடும்.

படி 3: பேரம் பேச முடியாதவற்றைப் பெரியவர்கள் முடிவு செய்யுங்கள்

இதில் பிள்ளைகளிடம் ஓட்டெடுப்பு வேண்டாம். எங்கள் உதாரணக் குடும்பத்தில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

பாட்டி இரவில் இரண்டு முறையாவது எழுந்திருப்பார். அதனால் பாத்ரூம் ஒட்டிய அறை அவருக்கு.

பத்து வயதைத் தாண்டிய ஆணும் பெண்ணும் உடன்பிறந்தவர்களே ஆனாலும் ஓர் அறையில் படுக்க வேண்டிய நிலை இருந்தால், அதை நெரிசல் என்றே இங்கிலாந்தின் 1985ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் சொல்கிறது. நம்மிடம் சட்டம் வேண்டாம், உடை மாற்றும் சங்கடம் ஒன்றே போதும். அக்காவுக்கும் தம்பிகளுக்கும் தனித்தனி இடம்.

மூன்றாவது, பெரிய அறை யாருக்கு என்பது. வீடு கட்டியவர் 'மாஸ்டர் பெட்ரூம்' என்று பேர் வைத்துவிட்டதால் அது அப்பா அம்மாவுக்குத்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் பாத்ரூம் ஒட்டியிருப்பதும் அந்த அறைதான். அது பாட்டிக்கும் அக்காவுக்கும் போகட்டும். சின்ன அறையில் அப்பா அம்மா. பையன்கள் இரண்டு பேருக்கும் ஹாலில் சாப்பாட்டு மேசை இருந்த மூலை, குறுக்கே ஒரு புத்தக அலமாரியும் திரையும் போட்டு.

பல வீடுகளில் இது நேர்மாறாக நடப்பதைப் பார்க்கிறேன். பையனுக்குத் தனி அறை, பெண் அம்மா பக்கத்தில் ஹாலில். "அவள் நாளைக்கு வேற வீட்டுக்குப் போறவதானே" என்ற ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றால் மற்ற படிகளைச் செய்து பிரயோஜனம் இல்லை. முதலில் இதைச் சரிசெய்யுங்கள்.

ஹாலில் படுப்பவருக்கு ஒரு நஷ்டம் உண்டு: டிவி அணைந்தால்தான் தூக்கம். அதற்கு ஈடாக, பள்ளி நாட்களில் ஒன்பதரைக்கு டிவி நிறுத்தப்படும் என்று அப்பா எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கிரிக்கெட் இருந்தாலும்.

படி 4: மிச்சமிருப்பதைப் பட்டியலிடுங்கள்

இப்போது ஒரே இடத்தைப் பகிரும் இரண்டு பேருக்கு நடுவே பிரிக்க வேண்டியவை எவை என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். காசு கொடுத்துத் தீர்க்கக்கூடியதைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். ப்ளக் பாயிண்டுக்குச் சண்டை என்றால் நல்லதாக ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கிப் போடுங்கள், முடிந்தது. பையன்கள் சொன்னது இந்த ஐந்து:

ஜன்னலோரப் படுக்கை. படிக்கும் மேசை. அலமாரியில் கைக்கெட்டும் நடுத் தட்டு. இரவில் லைட்டை எப்போது அணைப்பது என்று சொல்லும் உரிமை. சாயங்காலம் அப்பா அம்மா அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருக்கும் ஒரு மணி நேரம்.

கடைசியாக வந்ததைக் கேட்டுப் பெரியவர்களுக்கு முகம் மாறலாம். "கதவைச் சாத்திக்கிட்டு என்ன வேலை?" என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். அந்த அறை சாயங்காலம் சும்மாதானே கிடக்கிறது?

படி 5: ஆளுக்கு நூறு மதிப்பெண்

இதுதான் முக்கியமான படி. ஸ்டீவன் பிராம்ஸ் என்ற அரசியல் அறிவியலாளரும் ஆலன் டெய்லர் என்ற கணிதப் பேராசிரியரும் 1990களில் வகுத்த முறை இது. விவாகரத்தில் சொத்துப் பிரிப்பது போன்ற வழக்குகளை மனதில் வைத்து யோசித்தது. அண்ணன் தம்பிக்கும் பொருந்தும்.

ஆளுக்கு நூறு மதிப்பெண். எது எவ்வளவு வேண்டுமோ அதற்கேற்ப ஐந்துக்கும் பிரித்துப் போட வேண்டும். சின்னவனுக்கு எண் குழப்பினால் இருபது புளியங்கொட்டையைக் கொடுத்து, பேர் எழுதிய ஐந்து டம்ளர்களில் போடச் சொல்லுங்கள். ஒரு கொட்டைக்கு ஐந்து மதிப்பெண். ஒருவர் போடுவதை மற்றவர் பார்க்கக் கூடாது. பார்த்தால் அழுகுணி ஆட்டம் ஆரம்பித்துவிடும். தம்பிக்கு மேசை வேண்டாம் என்று தெரிந்தால், அண்ணன் அதற்குக் குறைவாகப் போட்டுவிட்டு மிச்சத்தை ஜன்னலில் கொட்டுவான்.

எங்கள் பையன்கள் போட்டது:

ஜன்னலோரம்: பெரியவன் 20, சின்னவன் 45
மேசை: பெரியவன் 35, சின்னவன் 20
நடுத் தட்டு: பெரியவன் 5, சின்னவன் 10
லைட் உரிமை: பெரியவன் 25, சின்னவன் 20
தனி நேரம்: பெரியவன் 15, சின்னவன் 5

முதல் சுற்றில், அதிகம் போட்டவருக்கே அது. மேசை, லைட், தனி நேரம் மூன்றும் பெரியவனுக்கு: 75. ஜன்னலும் தட்டும் சின்னவனுக்கு: 55. பெரியவன் 20 முன்னால் இருக்கிறான். அவனிடம் இருப்பதில் இருவரும் கிட்டத்தட்ட ஒரே அளவு ஆசைப்பட்டது எது? லைட் உரிமை, 25க்கு 20. அதைப் பங்கு போடுங்கள். வாரத்தில் மூன்று நாள் சின்னவன் சொல்லும் நேரத்தில் லைட் அணையும், நான்கு நாள் பெரியவன் சொல்லும் நேரத்தில். இப்போது கூட்டிப் பாருங்கள். பெரியவனுக்கு 64 சொச்சம், சின்னவனுக்கும் ஏறக்குறைய 64.

இரண்டு பேருக்குமே பாதிக்கு மேல் கிடைத்திருக்கிறது. எல்லாவற்றையும் நடுவில் கோடு போட்டுப் பிரித்திருந்தால் ஆளுக்கு 50தான். பிள்ளைகளையே கூட்டச் சொல்லுங்கள். தன் கையால் கூட்டிய கணக்கோடு சண்டை போடுவது கஷ்டம்.

படி 6: மூன்று பேர் ஓர் அறையில் என்றால்

மேலே சொன்ன முறை இரண்டு பேருக்கானது. மூன்று பேர் என்றால் எளிய வழி: ஒருவர் அறையையும் வசதிகளையும் மூன்று பங்காகப் பிரித்து எழுத வேண்டும். பிரித்தவருக்குக் கடைசியில் மிஞ்சுவதுதான். அதனால் ஒரு பங்கு மட்டும் மட்டமாகப் போகாமல் அவரே பார்த்துக்கொள்வார். மற்ற இருவரில் யார் முதலில் எடுப்பது என்பதற்குச் சாட் பூட் த்ரீ.

பாட்டியும் அக்காவும் சேர்ந்திருக்கும் அறைக்கு மதிப்பெண் தேவையில்லை, பேச்சு போதும். பாட்டி நாலரைக்கு எழுந்து லைட் போடுவார், அக்கா பன்னிரண்டு வரை படிப்பாள். ஆளுக்கொரு சின்ன மேசை விளக்கு வாங்கிக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை போய்விடும். வேலைக்குப் போகும் அண்ணன் இருக்கும் வீடாக இருந்தால், சம்பளம் கொடுக்கிறான் என்பதற்காக அறையையே கொடுத்துவிடாதீர்கள். நைட் ஷிஃப்ட் என்றால் மட்டும், பகலில் இருட்டாக இருக்கும் இடம் அவனுக்கு.

படி 7: எழுதி ஒட்டுங்கள், தேதி குறித்து மாற்றுங்கள்

முடிவான பங்கைத் தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். முதல் இரண்டு வாரம் ஒத்திகை. அதில் ஒருவருக்கு ஒரு மாற்றம் கேட்க உரிமை உண்டு. அதற்குப் பிறகு அடுத்த தவணை வரை புகார் கிடையாது.

தவணைக்கு நம் காலண்டரிலேயே இரண்டு நல்ல நாட்கள் இருக்கின்றன. ஒன்று போகி. எப்படியும் வீட்டைக் கவிழ்த்துத் துடைக்கப் போகிறீர்கள், அன்றைக்கே மறுபடி மதிப்பெண் போட்டுவிடலாம். இன்னொன்று ஜூனில் பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிறு. ஆறு மாதத்தில் பிள்ளைகளின் ஆசை மாறிவிடும். பழைய தாளை வைத்துக்கொண்டு வாதாட வேண்டாம்.

பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைக்குச் சலுகை உண்டு. போகியிலிருந்து கடைசிப் பரீட்சை வரை மேசையும் அமைதியும் அக்காவுக்கு. அது கடன். ஏப்ரல், மே மாதங்களில் தம்பிகளுக்கு அவள் திருப்பித் தர வேண்டும். அந்தக் கடனையும் தாளில் எழுதிவையுங்கள், இல்லையென்றால் ஏப்ரலில் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

விருந்தாளி வந்தால்?

மாமா வந்தால் எழுப்பி அனுப்பப்படுவது எப்போதும் ஒரே பிள்ளையாகத்தான் இருக்கும், பெரும்பாலும் வாய் பேசாத பிள்ளை. இதற்கும் முறை வையுங்கள். தினசரி காலண்டரின் அட்டையில் மூன்று பேரின் பெயரை எழுதி, இடம் விட்டுக்கொடுத்தவர் பெயருக்கு நேராக ஒரு கோடு. கோடு குறைவாக உள்ளவர்தான் அடுத்த முறை எழுந்திருக்க வேண்டும். அப்பா அம்மா பெயரையும் அந்த வரிசையில் சேர்ப்பது நியாயம்.

கோடை விடுமுறைக்கு அத்தை பிள்ளைகள், சித்தி பிள்ளைகள் எல்லோரும் வந்து இறங்கிவிட்டால் மட்டும் தாளைக் கண்டுகொள்ளாதீர்கள். ஹாலில் வரிசையாகப் பாயை விரித்துவிட்டு ஒதுங்கிவிடுங்கள். ஃபேனுக்கு நேர் கீழே யார் என்பதை அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.