பாணி மருந்து அளக்கேக்க விடுற பிழையள்

என்ர தங்கச்சி புதுக்குடியிருப்பில இருந்து இரவு ஒரு மணிக்குக் கோல் எடுத்தவ, மகனுக்குக் காய்ச்சல் கொதிக்குது அக்கா, பரசிட்டமோல் பாணி போனமுறை மாதிரியே 7.5 எம்எல் சிரிஞ்சில எடுத்து வச்சிருக்கிறன், குடுக்கட்டோ எண்டு. நான் திருப்பிக் கேட்டது ரெண்டே ரெண்டு. பிள்ளை இப்ப எத்தினை கிலோ, போத்தலில 5 எம்எல்லுக்கு எத்தினை எம்ஜி எண்டு போட்டிருக்கு. பிள்ளை 12 கிலோ எண்டவ, லைட்டைப் போட்டுப் போத்தலைப் பாத்திட்டு 250 எண்டா, எனக்கு நெஞ்சு பக்கெண்டு போட்டுது.

கனபேர் விடுற பெரிய பிழை இதுதான், போனமுறை குடுத்த எம்எல்லை மனப்பாடமா வச்சிருக்கிறது. மருந்தின்ர அளவு எண்டுறது எம்ஜி, அது கலந்திருக்கிற பாணி எத்தினை எம்எல் எண்டது போத்தலுக்குப் போத்தல் மாறும். பரசிட்டமோல் ஒரு தரத்துக்குக் கிலோவுக்கு 15 எம்ஜி எண்டு பாத்தா 12 கிலோப் பிள்ளைக்கு 180 எம்ஜி. 5 எம்எல்லில 120 எம்ஜி உள்ள போத்தல் எண்டா 180ஐ 120ஆல பிரிச்சு 5ஆல பெருக்குங்கோ, 7.5 எம்எல். அதே பிள்ளைக்கு 250 எம்ஜி போத்தலில 3.6 எம்எல் தான் வரும். தங்கச்சி எடுத்து வச்சிருந்தது 375 எம்ஜி, ரெண்டு மடங்குக்கும் மேல, அப்பிடியே ரெண்டு மூண்டு நாள் தொடர்ந்து குடுத்திருந்தா ஈரலுக்குத்தான் ஆபத்து.

சொட்டு மருந்தில இன்னும் கவனம். அதில 1 எம்எல்லிலயே 100 எம்ஜி இருக்கிறது உண்டு, லேபலில 1 எம்எல்லோ 5 எம்எல்லோ எண்டு வடிவாப் பாக்காம விட்டா ஒரேயடியா அஞ்சு மடங்கு பிழைக்கும்.

கிலோவும் பழசா இருக்கக்கூடாது, கிளினிக் கொப்பியில ஆறு மாசத்துக்கு முந்தின நிறையை வச்சுக் கணக்குப் பாக்கிறவையும் இருக்கினம். அரை எம்எல் எண்டா 0.5 எண்டு பூச்சியத்தோட எழுதுங்கோ, வெறும் புள்ளி போட்டா அம்மம்மாவுக்கு அது 5 எண்டு தான் தெரியும். வீட்டுத் தேக்கரண்டி ஒண்டுக்கொண்டு அளவு வித்தியாசம், சிரிஞ்ச் தான் சரி, நுனிப் பக்கம் இருக்கிற றப்பர் விளிம்பு எந்தக் கோட்டில நிக்குதோ அதுதான் அளவு. போத்தலைக் குலுக்கிப்போட்டு எடுங்கோ.

24 மணித்தியாலத்துக்கு நாலு தரத்துக்கு மேல வேண்டாம், தடிமன் சிரப்பிலயும் பரசிட்டமோல் கிடக்கோ எண்டு பாருங்கோ. மூண்டு மாசத்துக்குக் குறைஞ்ச குழந்தைக்குக் காய்ச்சல் எண்டா கணக்கே பாக்காதேங்கோ, உடன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கோ.