எம்ஜிபி காரின் பழைய டாஷ்போர்டைச் சேதமில்லாமல் கழற்றும் முறை

1962 முதல் 1967 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார்களில் டாஷ்போர்டு இரும்புத் தகடுதான். தகடு லேசில் கெடாது. அதன் பின்னால் இருப்பவைதான் கெடும். அதனால் முதலில் மீட்டர்கள், கடைசியில் தகடு.

அங்குல அளவு ஸ்பேனர்கள் வேண்டும். மெட்ரிக் ஸ்பேனர் போட்டால் நட்டின் முனை மழுங்கிவிடும். டார்ச், மாஸ்கிங் டேப், சின்னக் கவர்கள் பக்கத்தில் இருக்கட்டும்.

சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருக்கும். இந்த வண்டிகளில் பாடியோடு இணைந்திருப்பது பாசிட்டிவ் முனை. அந்த எர்த் இணைப்பைத்தான் முதலில் கழற்ற வேண்டும். மற்றதைத் தொட்டால், ஸ்பேனர் பாடியில் பட்டதுமே ஷார்ட் ஆகும்.

அடுத்து வயர்கள். பிரவுனில் எப்போதும் கரண்ட் இருக்கும், வெள்ளை இக்னிஷனுக்கு, பச்சை ஃப்யூஸ் வழியாக வருவது, கறுப்பு எர்த். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், அழுக்கேறிய பிரவுனும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரியும். ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எழுதி, போட்டோ எடுத்த பிறகே உருவுங்கள். இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டர் மின்சார வகை என்றால் அதன் முதுகில் ஒரு வெள்ளை வயர் வளையமாகச் சுற்றிப் போகும். வளையம் எந்தத் திசையில் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாறினால் முள் வேலை செய்யாது.

ஸ்பீடோமீட்டர் கேபிளின் சொரசொரப்பான வளையத்தைக் கையாலேயே திருகலாம். மீட்டரைப் பிடித்திருக்கும் சின்ன நட்டுகளையும் அப்படித்தான்.

நிதானம் வேண்டிய இடம் ஆயில், தண்ணீர் இரண்டையும் காட்டும் இரட்டை மீட்டர். ஆயில் குழாயை நட்டைத் திருகிப் பிரிக்கலாம். உள்ளே ஒரு தோல் வாஷர் உண்டு, தொலைத்தால் ஆயில் கசியும். தண்ணீர்ச் சூட்டைக் காட்டும் மெல்லிய செம்புக் குழாயை மட்டும் மீட்டரிலிருந்து பிரிக்கவே முடியாது. உள்ளே ஈதர் அடைத்திருக்கும். வெட்டினாலோ மடங்கி உடைந்தாலோ அந்தப் பாதி மீட்டர் போச்சு. ஆகவே மறுமுனையைக் கழற்ற வேண்டும். இன்ஜின் ஆறிய பிறகு ரேடியேட்டர் தண்ணீரைக் கொஞ்சம் இறக்கி, சிலிண்டர் ஹெட்டில் இருக்கும் நட்டைத் தளர்த்துங்கள். நட்டோடு சேர்ந்து குழாயும் சுழல்கிறதா? உடனே நிறுத்தி, துரு இளக்கும் ஆயில் விட்டு ஓர் இரவு விடுங்கள். குழாயின் நுனியில் சூட்டை உணரும் பல்பு வெளியே வந்ததும் குழாயை அகலமான வளையமாகச் சுருட்டி, மீட்டரோடு சேர்த்தே உள்பக்கம் எடுத்துவிடுங்கள்.

ஹீட்டர் குமிழ்களின் கழுத்தில் சிறு துளை உண்டு. மெல்லிய கம்பியால் உள்ளிருக்கும் பின்னை அழுத்தினால் குமிழ் கழன்றுவரும். நெம்ப வேண்டாம்.

ஸ்டீயரிங் காலமின் (ஸ்டீயரிங் சக்கரத்தைத் தாங்கும் தண்டு) மேல் போல்ட்டுகளை எடுக்கும்போது இடையில் இருக்கும் வாஷர்களின் எண்ணிக்கை, தடிமன், இடம் மூன்றையும் எழுதி வையுங்கள். ஸ்டீயரிங் காலம் நேராக நிற்பதே அவற்றால்தான். அது கீழிறங்கியதும் மேல் விளிம்பு நட்டுகள், கீழ் ஸ்க்ரூக்கள், பிறகு தகடு தானாக வெளியே வரும்.

தகட்டுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை நடக்கும்போதே தண்ணீர் மீட்டரைச் சோதித்துவிடுங்கள். பல்பை வெந்நீரில் முக்கினால் முள் மெல்ல ஏற வேண்டும். அசையவில்லை என்றால் மீட்டர் ரிப்பேர் செய்பவரிடம் கொடுங்கள். ஈதர் தீப்பிடிக்கும், வீட்டில் குழாயைச் சால்டர் செய்து ஒட்ட முயல வேண்டாம்.